மிச்சமிருந்த எண்பது விநாடி

ஜனவரி 9

டேய் தம்பி,

போன் இருக்க ஏன் கடிதம்னு கேட்பே. போன்ல நீ சிரிச்சே மழுப்பிடுவே. எழுத்துல சிரிச்சு மழுப்ப முடியுதான்னு பார்க்கலாம்.

நேத்து தபால்ல என் படம் திரும்பி வந்துச்சு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "தொழில்நுட்பக் கோளாறு. வருந்துகிறோம்." யாருடா அந்த 'றோம்'? அறுபத்து நாலு நாற்காலி போட்ட உன்னோட சின்ன அரங்கம். அதுல நீ, ஒரு ஆபரேட்டர், டிக்கெட் கிழிக்கிற ஒரு அம்மா. இந்த மூணு பேரும் உட்கார்ந்து கூட்டம் போட்டு வருந்தினீங்களா?

அன்னைக்கு நான் மூணாவது வரிசையில இருந்தேன். பக்கத்துல அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில எட்டு அனிமேஷன் குறும்படம், அதுல நாலாவது என்னோடது. நாலு நிமிஷம் பத்து விநாடி. துணியை வெட்டி, உள்ளே கம்பி வெச்சு, ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு போட்டோன்னு பன்னிரண்டு எடுத்தா ஒரு விநாடி ஓடும். மூவாயிரம் போட்டோ. பதினாலு மாசம் என் சாப்பாட்டு மேஜையில நான் சாப்பிட்டதே இல்லை.

ஜனங்க நல்லா சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. படத்துல ஒரு இஸ்திரிப் பெட்டி வீடு முழுக்க ஓடித் தலையணையை நசுக்குது, திரைச்சீலையை மடிக்குது, ரெண்டு குட்டிச் சட்டையைத் துரத்துது. அப்புறம் அதுல நீலச் சட்டையைப் பிடிச்சு அதோட முதுகுல உட்கார்ந்து எழுந்திருக்குது. பழுப்பா ஒரு தடம். அந்த இடத்துல திரை இருட்டாச்சு, விளக்கு எரிஞ்சுது. நீ முன்னால வந்து, "மன்னிக்கணும், மெஷின் மக்கர் பண்ணுது, அடுத்த படத்துக்குப் போயிடலாம்"னு பல்லைக் காட்டினே. அதுக்கு அரை நிமிஷம் முன்னாடி மெஷின் ரூம் கதவைத் திறந்துக்கிட்டு நீ உள்ளே போனதை நான் பார்த்தேன்டா.

அதான் அப்படியே துணிப்பையைத் தூக்கிக்கிட்டு என் ஊருக்கு பஸ் ஏறினேன். அஞ்சு வாரமாச்சு. எனக்கு ஒரு காரணம் வேணும். நல்ல காரணமா இருக்கணும்.

அக்கா

---

ஜனவரி 20

அக்கா,

சரி. மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை. நான்தான் நிறுத்தினேன். ஆபரேட்டர் என் கையைப் பிடிச்சுத் தடுத்தார், அவர் மேல தப்பில்லை.

படம் மோசம்னு நினைச்சு நிறுத்தினதா மட்டும் நினைக்காதே. பதினோரு வருஷமா வாரம் எட்டுன்னு படம் போடறேன். எது நிக்கும், எது விழும்னு முதல் பத்து விநாடியில சொல்லிடுவேன். உன் இஸ்திரிப் பெட்டி அந்த எட்டுலேயும் உசத்தி. அது நடக்கிற நடை ஒண்ணு போதும். பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டு, வயரை இழுத்துக்கிட்டு, வாசல்லேர்ந்தே மூக்கை நீட்டிக்கிட்டு வருதே, அதைப் பார்த்ததும் அம்மா ஃபாக்டரியிலேர்ந்து வீட்டுக்குள்ளே நுழையறதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நானும் சிரிச்சேன். தையல் ஃபாக்டரியில நாப்பது மெஷினுக்கு சூப்பர்வைசரா நின்ன மனுஷி, வீட்டுக்கு வந்தா நம்ம ரெண்டு பேரையும் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டுன்னுதானே நடத்தினாங்க.

ஆனா அந்த நீலச் சட்டை நான், அக்கா.

எனக்குப் பத்து வயசு. மறுநாள் ஃபாக்டரிக்கு எடுத்துப் போக வேண்டிய, துணிக்கு அளவு பார்க்கிற பேட்டர்ன் அட்டையை வெட்டி யானை செஞ்சேன். காலு தனியா, தும்பிக்கை தனியா, ஆணி வெச்சு ஆட்டுற யானை. அம்மா வந்து பார்த்தாங்க. "நீ பொறக்காம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்"னு சொன்னாங்க. நீ கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தே. அதுக்கப்புறம் நாம மூணு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்லை.

முப்பத்தொரு வருஷம் கழிச்சு, என் சொந்த அரங்கத்துல, அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு அதை நீ ஓட்டறே. அறுபது பேர் பார்க்கிறாங்க. எழுபத்தோரு வயசு அம்மா பார்க்கிறாங்க. நான் என்ன பண்ணியிருக்கணும்? அவங்க முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை. ஓடிப்போய் நிறுத்தினேன். மறுபடியும் அப்படி ஒண்ணு வந்தா மறுபடியும் நிறுத்துவேன்.

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.

தம்பி

---

பிப்ரவரி 2

தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. மூணு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன்.

கேட்டிருக்கணும். ஒத்துக்கறேன். நான் கேட்காததுக்குக் காரணம், நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். அந்த வாரமே நீ அம்மாவைப் போலவே நடிச்சுக் காட்டிப் பக்கத்து வீட்டையே சிரிக்க வெச்சே. அப்புறம் எத்தனை கல்யாண வீட்டுல "எங்கம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு"ன்னு கதை சொல்லி இருக்கே. இவனுக்கு எதுவும் ஒட்டாதுன்னே நினைச்சேன். எனக்குத்தான் ஒட்டிக்கிச்சு. கதவுகிட்ட நின்னவளுக்கும் ஒரு கதை உண்டுடா. பதிமூணு வயசு எனக்கு. உள்ளே வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். போகலை. படத்துல ரெண்டாவது சட்டை ஒண்ணு வருதே, மஞ்சள் சட்டை, கதவுக் கொக்கியில தொங்கிக்கிட்டு அசையாம பார்க்குமே, அதை நீ கவனிச்சியா? பதினாலு மாசத்துல பாதி அந்த மஞ்சள் சட்டைக்குத்தான் போச்சு. ஒரு சட்டையை சும்மா தொங்க விடறது சுலபம். பயத்துல தொங்க விடறதுக்கு ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு தடவை தோளைத் தொட வேண்டியிருக்கு.

ஆனா ஒரு விஷயத்துல விட்டுக் கொடுக்க மாட்டேன். தடத்தோட நிறுத்தினியே, அப்புறம் எண்பது விநாடி இருக்கு. அதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிட்டே. ஊருக்கே படம் தேர்ந்தெடுக்கிறவன் நீ. அடுத்தவங்க படத்தை இப்படிப் பாதியில நிறுத்துவியா?

அம்மா என்ன சொன்னாங்க? அதை எழுது. எனக்கு அதுதான் உறுத்துது. எனக்கு அவங்க போனும் பண்ணலை.

அக்கா

---

பிப்ரவரி 15

அக்கா,

அம்மா ரெண்டு மாசமா அதைப் பத்தி வாயைத் திறக்கலை. ஆனா ஒரு ஞாயிறு விடாம அரங்கத்துக்கு வர்றாங்க. முன்னாடி எப்பவாவதுதான் வருவாங்க. இப்போ நான் கிளம்பறதுக்கு முன்னாடியே செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

மூணாவது வரிசையில அதே நாற்காலி. ஒவ்வொரு படமும் முடிஞ்சதும் சத்தமா ஒரு தீர்ப்பு. போன வாரம் போட்டதைச் சொல்றேன். முதல்ல கண்ணாடி மேல மணலைத் தூவி விரலால வரைஞ்ச படம். குதிரை ஓடி ஓடி அலையாகுது, அலை உடைஞ்சு கிழவியாகுது. "யார் பெருக்கறது இதை?"ன்னாங்க. அடுத்து கரிக்கோட்டுல வரைஞ்சு அழிச்சு, அதே தாள்லேயே திரும்ப வரைஞ்சது. ஒருத்தன் நடந்து போறான், அழிச்ச காலெல்லாம் பின்னாலேயே சாம்பலா வருது. அதுக்கு மட்டும் தீர்ப்பு வரலை. மூணாவது கம்பளி நூல் பொம்மை, சளி பிடிச்ச ஒரு யானைக்கு மூக்கு அவிழ்ந்துக்கிட்டே போகும். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "தையல் சுத்தம்"ன்னு சர்டிஃபிகேட் வேற. அப்புறம் ஃபிலிம் சுருளையே ஊசியால கீறின படம், ஒரு நிமிஷம், வெறும் கோடும் புள்ளியும் தாளத்துக்குக் குதிக்கும். ஒரு கதையும் கிடையாது. பின் வரிசையில ஒருத்தர் எழுந்து போனார். அம்மா திரும்பி, "உட்காருங்க, இன்னும் முடியலை"ன்னு அதட்டினாங்க. அந்த ஆள் உட்கார்ந்துட்டார்!

இதுக்குத்தான் அக்கா நான் இந்த வேலையில இருக்கேன். ஒரு மணி நேரத்துல எட்டு உலகம். ஒண்ணு பிடிக்கலைன்னா மூணு நிமிஷம் பொறுத்தா போதும்.

காட்சி முடிஞ்சு வெளியே வந்து வண்டிக்கு நிக்கறப்போ கேட்டாங்க.

"அந்தப் பெட்டி அப்புறம் என்ன பண்ணிச்சு?"

"எந்தப் பெட்டிம்மா?"

"நடிக்காதே. உங்கக்கா படம்."

"தெரியலைம்மா."

"தெரியாமலா நிறுத்தினே?"

அவ்வளவுதான். வண்டி வந்துச்சு, ஏறினோம். வழியிலேயே ஸ்டேஷன்ல இறங்கி அவங்களே டிக்கெட் எடுத்துட்டாங்க. வியாழக்கிழமை பகல் ரயில், சாயங்காலம் நாலரைக்கு உன் ஊர். முழங்கால் வலிக்கு மாத்திரை பச்சை டப்பாவுல. காபியில சர்க்கரை கேட்பாங்க, கொடுக்காதே. உன் மேஜையை எதுவும் தொட வேண்டாம்னு சொல்லி வை. கேட்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்லி வை.

எனக்குப் பயமா இருக்கு, அக்கா. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியலை.

தம்பி

---

மார்ச் 11

தம்பி,

வந்த அன்னைக்கே, காபி டம்ளரைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடியே, "போடு"ன்னாங்க. போட்டேன். நாலு நிமிஷம் பத்து விநாடியும் அசையாம பார்த்தாங்க. பழுப்புத் தடம் வர்ற இடத்துல நான்தான் கண்ணை மூடிக்கிட்டேன்.

நீ பார்க்காத முடிவு என்னன்னா, இஸ்திரிப் பெட்டி ஓடி ஓடிக் களைச்சு, ஆறிப்போய், மூலையில கிடக்கும். நீலச் சட்டை தானா வந்து அதைப் போர்த்திவிடும். போன வருஷம் இதைப் பார்த்த ரெண்டு பேர் அழுதாங்க. எனக்கு அந்த முடிவு மேல ரொம்பப் பெருமை.

அம்மா சொன்னாங்க: "முடிவு பொய்."

"என்னம்மா பொய்?"

"சுட்டது அது. சட்டை ஏன் வரணும்? அது ஒண்ணுமே பண்ணாம மூலையில போய்ப் படுத்துக்கும், பாவப்பட்டுச் சின்னது வந்து போர்த்தணுமா? நல்லா இருக்கே நியாயம்."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "சரி, அது என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க"ன்னேன். ராத்திரி படுத்துத் தூங்கிட்டாங்க. காலையில பல் விளக்கிக்கிட்டே வந்து, "அதுக்கு ஒரு திருகு இருக்கணுமே, சூட்டைக் கூட்டறதுக்கும் குறைக்கறதுக்கும்?"ன்னு கேட்டாங்க. இருக்கு, பழைய கோட்டு பொத்தான் ஒண்ணை வெச்சுத் தைச்சிருக்கேன். "அதைக் குறைக்கட்டும்"ன்னாங்க. "கையில்லையேம்மா அதுக்கு"ன்னேன். "அதான். கஷ்டப்படட்டும்."

அன்னைக்கு ஆரம்பிச்சோம். கடைசி ஐம்பது விநாடியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுக்கறோம். அறுநூறு போட்டோ. அம்மா நகர்த்தறாங்க, நான் கேமரா. பெட்டி மேஜைக் காலுல போய்த் திருகை உரசுது. வழுக்குது. கதவு விளிம்புல உரசுது, திருகு தப்பான பக்கம் திரும்பிச் சூடு இன்னும் ஏறுது. பதறிப்போய்ப் பின்வாங்குது. அந்தப் பின்வாங்கல் இருக்கே, அது முழுக்க அம்மா விரல். நான் பதினாலு மாசம் பண்ணினதுல அப்படி ஒரு விநாடி கிடையாது, சத்தியமா சொல்றேன். நான் நகர்த்தினா பெட்டி நடக்கும். அவங்க நகர்த்தினா பெட்டிக்கு வெட்கம் வருது.

சண்டையும் நடக்குது. "கொஞ்சம் நகர்த்துங்க"ன்னா, "எனக்குத் தெரியும்"ங்கிறாங்க. என் கத்திரியைப் பார்த்துட்டு "இதை வெச்சா வெட்டறே?"ன்னு அரை மணி நேரம் பேச்சு. மஞ்சள் சட்டைக்குத் தோள் தையல் கோணலாம், பிரிச்சுத் தைச்சுட்டாங்க. முன்னாடி எடுத்ததோட ஒட்டாதே, தொடர்ச்சி போச்சேன்னு நான் கத்தினேன். "ஒரு சட்டை நிமிர்ந்தா தப்பா?"ன்னு கேட்டாங்க. படத்துல அதையும் அப்படியே வெச்சுட்டேன்.

உன்னைப் பத்தி ஒரே ஒரு தடவை பேசினாங்க. கைவேலையை நிறுத்தாம, என்னைப் பார்க்காம. "எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கேன். அவன் முன்னாடியே ஏதாவது ஜோக் சொல்லிடுவான். அன்னைக்கு இருட்டுல உட்கார்ந்திருந்தப்போ, இன்னைக்கு விடக் கூடாதுன்னு நினைச்சேன். விளக்கைப் போட்டுட்டான்."

உன்கிட்ட சொல்லச் சொல்லி அவங்க சொல்லலை. நான் சொல்றேன்.

அக்கா

---

மார்ச் 19

அக்கா,

படிச்சேன்.

ஏப்ரல் மாசக் காட்சியெல்லாம் நிரம்பிடுச்சு. எல்லா வாரத்துக்கும் எட்டெட்டுப் படமும் முடிவாகி நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாச்சு. வேற அரங்கத்துல முதல்ல போட்டுப் பாரேன். உன் ஊர்லேயே நல்ல இடம் இருக்குமே. அங்கே போட்டா பேர் வரும்.

அம்மாவை அவசரப்படுத்தாதே. எவ்வளவு நாள் வேணா இருக்கட்டும். இங்கே வீடு அமைதியா இருக்கு. அந்த அமைதி எனக்குப் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தம்பி

---

மார்ச் 27

தம்பி,

எனக்குப் பேர் வேணும்னு எப்போ கேட்டேன்? நோட்டீஸ் அடிக்கிற ஆள் உன் மச்சான் மாதிரி பழகறவர்னு ஊருக்கே தெரியும். ஒரு வரி மாத்தறதுக்கு அவர் மாட்டேன்னா சொல்வார்?

படம் முடிஞ்சுது. கடைசி போட்டோவை நேத்து எடுத்தோம். முடிவுல சட்டை என்ன பண்ணுதுன்னு எனக்கும் அம்மாவுக்கும் மூணு நாள் தகராறு. வந்து பெட்டி பக்கத்துல நிக்கட்டும்னேன். "அதை நாம எப்படிச் சொல்றது? அது சட்டையோட இஷ்டம்"னுட்டாங்க. அவங்கதான் ஜெயிச்சாங்க.

அம்மா வெள்ளிக்கிழமை ரயில்ல வர்றாங்க. படம் ஒரு பென் டிரைவ்ல, அவங்க கைப்பையில இருக்கு. போடறதும் போடாததும் உன் விருப்பம்னு சொல்லச் சொன்னாங்க. நான் வரலை. இது உங்க ரெண்டு பேர் சமாசாரம்.

ஒண்ணு மட்டும். போடறதா இருந்தா மெஷின் ரூம்ல நின்னு பார்க்காதே.

அக்கா

---

ஏப்ரல் 7

அக்கா,

நடந்ததை வரிசையா எழுதறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்ததும் படத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில வெச்சாங்க. சனிக்கிழமை முழுக்க அது அங்கேயே கிடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அதைச் சுத்தித் தட்டை வெச்சுச் சாப்பிட்டோம். ஞாயிறு காலையில சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஆபரேட்டர்கிட்ட கொடுத்து, "எட்டாவதா இதைப் போடுங்க"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தடவை ரூமை உள்பக்கம் தாழ் போட்டுக்கறேன்"னார். போட்டுக்கவும் செஞ்சார்.

எட்டாவது படம் ஆரம்பிச்சதும் போய் அம்மா பக்கத்துல உட்கார்ந்தேன். சொந்த அரங்கத்துல பதினோரு வருஷத்துல நான் உட்கார்ந்து பார்த்த முதல் படம். நாற்காலி இவ்வளவு கடினம்னு எனக்குத் தெரியவே தெரியாது.

ஜனங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தடம் வந்துச்சு. இந்தத் தடவை எழுந்து ஓடலை. பார்த்தேன். பெட்டி திருகோட போராடுறப்போ முதல்ல ஒரு குழந்தை சிரிச்சுது, அப்புறம் எல்லாரும். அந்தப் பின்வாங்கற இடத்துல சிரிப்பு அப்படியே நின்னுச்சு. நீ எழுதினது சரிதான், அது அம்மா விரல். அந்த விரல் என் தலையை வாரிவிட்டப்போ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கடைசியில பெட்டி சூட்டைக் குறைச்சுட்டு, நிமிர்ந்து நின்னு, காத்துக்கிட்டு இருக்கு. தூரத்துல நாற்காலி முதுகுல நீலச் சட்டை. ஒரு கை லேசா அசையுது. காத்தா, அதுவா அசைச்சுதான்னு தெரியறதுக்கு முன்னாடி முடிஞ்சு போச்சு. கை தட்டினாங்க, ரொம்ப நேரம். எல்லாரும் வெளியே போற வரைக்கும் நானும் அம்மாவும் எழுந்திருக்கலை.

அம்மா திரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "அன்னைக்கு நான் சொன்னது பொய். நீ பொறந்த அன்னைக்கு மாதிரி நான் எந்த நாளும் நிம்மதியா தூங்கினது கிடையாது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு."

"என்னம்மா, எப்பவோ நடந்ததைப் போய்..."ன்னு ஆரம்பிச்சேன். சிரிக்கவும் ஆரம்பிச்சிருந்தேன்.

"சிரிக்காதே. பதில் சொல்லு."

"வலிச்சுதும்மா"ன்னேன். "ரொம்ப வருஷம் வலிச்சுது."

"தெரியும்"னாங்க. "உன் வாயால கேட்கணும்னு இருந்துச்சு."

அக்கா, நான் அழுதேன். அவங்க அழலை. என் முதுகுல கையை வெச்சுக்கிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. ஆபரேட்டர் தாழை நீக்கிட்டு எட்டிப் பார்த்து, "சார், மெஷினை நிறுத்திடட்டுமா?"ன்னு கேட்டார்.

"வேண்டாம்"னேன். "இன்னொரு தடவை ஓட்டுங்க. முதல்லேர்ந்து."

ஓட்டினார். காலி அரங்கத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும். ஆபரேட்டரும் வந்து பின்வரிசையில உட்கார்ந்துட்டார். இந்தத் தடவை அம்மா தன் வேலையைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தாங்க. இங்கே நூல் தெரியுது பார், அங்கே உங்கக்கா நிழல் விழுந்திருக்கு பார்ன்னு. தடம் வந்தப்போ மட்டும் பேச்சை நிறுத்தினாங்க. அது போனதும் மறுபடி ஆரம்பிச்சாங்க.

தம்பி